மூன்று தட்டுத் தக்காளி

9 செப்டம்பர் 2024, திங்கள்

கல்லூரியில் இரண்டு வகுப்பு. இரண்டிலும் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

திரும்பும் வழியில் ஜெராக்ஸ் கடையில் பழைய மாணவி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "இன்னா ஆராய்ச்சி மேடம் பண்றீங்க?" தக்காளி சீக்கிரம் பழுக்காமல் இருக்க வழி தேடுகிறேன் என்றேன். "சார் இன்னா பண்றாரு?" வாழைக்காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கிறார் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். உள்ளதைச் சொன்னால் இந்த ஊரில் சிரிக்கிறார்கள்.

உள்ளது அதுதான். என் கணவர் பகலவனுக்குக் கள்ளக்குறிச்சியில் வாழைக்காய் மண்டி. பச்சைத் தாரை சேம்பரில் அடைத்து, எத்திலீன் வாயுவைத் திறந்துவிட்டு, மஞ்சளாக வெளியே எடுப்பது அவர் தொழில். காய் பழுக்கும்போது அந்த வாயுவைத் தானே தயாரித்துக்கொள்ளும். இவர் கொஞ்சம் முன்னாடியே மூக்கில் காட்டுகிறார், அவ்வளவுதான். நான் அதே வாயுவுக்கு எதிர்க்கட்சி. பழுக்கச் சொல்லிக் காய்க்கு உத்தரவு போடும் மரபணு ஒன்று தக்காளியில் இருக்கிறது. அது தானாகவே கெட்டுப்போன ஒரு வகை உண்டு. அதன் காய் வாயு விடாது, சிவக்காது, கடைசிவரை காய்தான். அதைத் தாயாக வைத்து, மலைமேல் கரியாலூரில் விவசாயம் பார்க்கும் ராசு தோட்டத்து நாட்டுத் தக்காளியைத் தந்தையாக வைத்து, நானே பூப்பூவாக மகரந்தம் தூவிக் கலந்தேன். பிள்ளைக்குக் கெட்டது ஒரு பங்கு, நல்லது ஒரு பங்கு. பழுக்கும், ஆனால் அவசரப்படாது. அப்படி ஒரு பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு.

12 செப்டம்பர்

மழை. மதியம் தண்டுக்கீரை. எழுத ஒன்றுமில்லை.

16 செப்டம்பர், திங்கள்

என் நெறியாளர் போன் செய்தார். முனைவர் பட்டப் பதிவுக் காலம் முடிந்துவிட்டதாம். எனக்குத் தெரியும். டிசம்பரில் ஆய்வுக் குழு கூடுகிறது. முடிவைக் காட்டினால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் பதிவு ரத்து. "என்ன காட்டுவீங்க?" என்றார். தக்காளி என்றேன். "போன வருஷமும் அதைத்தானே சொன்னீங்க." போன வருடம் கல்லூரி ஆய்வகத்தில் வைத்திருந்தேன். எலி தின்றது. எலிக்குத் தாய், தந்தை, பிள்ளை என்ற பேதமில்லை. அதனால்தான் இந்த வருடம் வீட்டுப் பின்னால் இருக்கும் சின்ன அறை.

சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார். மண்டியில் கணக்குப் பார்த்த ஆள் நின்றுவிட்டான். "நீ வந்து ஒக்காந்தீனா எனக்கு நிம்மதி, மணி. இத எத்தினி வருசந்தான் இழுத்துக்கினு இருப்ப?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பணிவாகக் கேட்டதால் வாயைக் கொடுத்துவிட்டேன்: "இந்தத் தடவ தேறலன்னா வுட்டுடுறேன். மண்டிக்கு வந்துடுறேன்."

அத்தை ஜெயம்மாள் — இவருடைய அம்மா — ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி கொஞ்சம் நின்றது. பிறகு மகன் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்தது. மகன் கட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

25 செப்டம்பர், புதன்

கரியாலூர் போய் வந்தேன். போகும்போது பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. வரும்போது தக்காளிக்கு இடம் கிடைத்தது, நான் நின்றேன்.

ராசு தன் கொல்லையில் கொஞ்சம் இடத்தை எனக்கு விட்டிருக்கிறார். அவருடைய தக்காளியைத் தின்றவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தின்றவர்கள் கம்மி. மலைச் சாலையில் பஸ் திரும்புகிற திருப்பத்துக்கெல்லாம் பெட்டிக்குள் பழம் நசுங்கி, கீழே வந்து சேரும்போது பாதி சட்னி. "பஸ்ஸே பாதிய தின்னுடுதுங்க" என்றார் ராசு. "நீங்க சொல்ற புள்ள நெசமா தாங்குமா?" தாங்கும் என்றேன். இதுவரை யாருக்கும் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை, கல்யாணத்தன்று உட்பட.

மூன்று வகையும் முற்றிய பச்சைக் காயாகப் பறித்து, மூன்று தட்டில் அடுக்கி, எடை போட்டு வைத்தாகிவிட்டது. தாய், தந்தை, பிள்ளை. தராசு கல்லூரியுடையது. துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் முகத்தோடு கொடுத்தார்.

3 அக்டோபர்

தந்தை சிவந்துவிட்டார். வாசனை அறை முழுக்க. இனி அவரை அங்கே வைத்திருக்கக் கூடாது. பழுத்தது விடும் வாயு பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கும். எடுத்து அத்தையிடம் கொடுத்தேன், தொக்கு செய்தார். இவர் மூன்று தடவை போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது. இத போய் ஏன் பழுக்க வேணாங்கிற?" என்றார்.

10 அக்டோபர், வியாழன்

பிள்ளைக்கு இன்னும் பச்சை. காம்புக்கு எதிர்ப்பக்கம் மட்டும், உற்றுப் பார்த்தால், வெட்கப்பட்ட மாதிரி லேசாக ஒரு நிறம். தோல் கெட்டி. நான் கணக்குப் போட்டதைவிட மெதுவாகப் போகிறது. சந்தோஷமாக இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன் — ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

நாளை ஆயுத பூஜை. அண்ணனுக்கு மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை, பூஜைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். போய்விட்டுத் திங்கட்கிழமைதான் வருவேன். அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். மண்டிச் சரக்கை அந்த அறையில் வைக்கவே கூடாது என்று இவரிடம் நான்காவது முறையாகச் சொன்னேன். "நான் ஏம்மா அந்தப் பக்கம் வரப்போறேன்" என்றார், நான்காவது முறையாக.

14 அக்டோபர், திங்கள்

போச்சு.

14 அக்டோபர், மறுபடியும்

எழுதித்தான் ஆகவேண்டும். கதவைத் திறந்தேன். பிள்ளைத் தட்டு முழுக்கச் சிவப்பு. லேசான சிவப்பு இல்லை. தொட்டால் விரல் உள்ளே போகிறது. தாய்த் தட்டு அப்படியே பச்சை. அதுக்கு இன்னா, அது என்னைக்கும் அப்படித்தான்.

நாலே நாள். நாலு நாள்ல எப்படி? வெய்யிலா? ஜன்னல் மூடித்தான் இருந்துச்சு. கலப்பே தப்பாப்போச்சா? நான் தூவுன மகரந்தம் ஒட்டாம வேற எதுனா ஒட்டிச்சா? அப்போ இத்தினி நாளும் நான் சொமந்துக்கினு இருந்தது வெறும் நாட்டுத் தக்காளியா? எடை போடவும் மனசு வரவில்லை. தராசு உறைக்குள்ளேயே கிடக்கிறது.

15 அக்டோபர்

நெறியாளருக்கு போன் செய்தேன். கலப்பு தவறியிருக்கும் போலிருக்கிறது என்றேன். "அப்படின்னா அதையே எழுதி அனுப்பிடுங்க" என்றார். ரொம்ப அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

ராசுவுக்கும் சொல்லிவிட்டேன். அந்தச் செடிகளை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னேன். "சரிங்க" என்றார். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

16 அக்டோபர்

சண்டை. இவர் அறைக்குள் தார் வைத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். நேரடியாகக் கேட்டேன்.

"நான் வெக்கல."

"பண்டிக சரக்கு ஜாஸ்தியா வந்துச்சு. வெக்க எடமில்லன்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். வெக்கல. ஊருல வாழ பழுத்தா நாந்தான். ஒத்துக்கறேன். தக்காளி பழுத்தாலும் நாந்தானா?"

நியாயமான கேள்விதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அத்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

17 அக்டோபர்

சொன்ன சொல் சொன்னதுதான். பிள்ளைத் தட்டைக் குப்பையில் கொட்டினேன். தாய்த் தட்டை அத்தையிடம் கொடுத்து, காய் துவையலுக்கு ஆகும், அறுத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த கலப்புக்கு வேண்டிய விதை அந்தக் காய்களுக்குள்தான் இருக்கிறது. இருக்கட்டும். இனி எதற்கு?

21 அக்டோபர், திங்கள்

கல்லூரி விட்டு நேராக மண்டி. இவர் எனக்காகப் புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். சக்கரம் வைத்தது. மண்டித் தரை மேடுபள்ளம். நான் எழுத ஆரம்பித்தால் நாற்காலி மெதுவாக சேம்பர் பக்கம் நகர்ந்து போகிறது. நகர்கிறேன், இழுத்துக்கொள்கிறேன், எழுதுகிறேன். ஒரு பொழுது போயிற்று.

"நல்லா இருக்குதா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். ஆசையாக வாங்கியிருக்கிறார், பாவம்.

24 அக்டோபர், வியாழன்

தராசைத் திருப்பிக் கொடுப்பதற்காக உறையைக் கழற்றினேன். தராசின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, என் தராசுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"ஆமா. பூசைக்கு வெச்சேன்."

"எஞ் சாமானுக்கு எந்த வருசமும் வெக்க மாட்டீங்களே?"

"எந்த வருசமும் நீ வுட்டுடுறேன்னு சொன்னதில்லியே."

உட்கார்ந்துவிட்டேன். அவரே சொன்னார். மண்டியில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, என் அறையைக் கழுவித் துடைத்து, தராசுக்குப் பொட்டு வைத்து, தட்டுகளுக்குப் பூ வைத்து, நடுவில் ஒரு தார் பூவம்பழம். "நல்லா கனிஞ்ச தாரா நானே பாத்து எடுத்தேம்மா. அவங்கிட்டகூட சொல்லல. சாம்பிராணி போட்டுக் கதவ சாத்திட்டேன். பூசையில வெச்ச ஆயுதத்த ஒடனே எடுக்கக் கூடாதில்ல? நீ வர வரிக்கும் இருக்கட்டும்னு பாத்தேன். ஞாயித்துக்கெழம பழம் தண்ணி வுட்டுக்கினு இருந்துச்சு. அதையும் பூவையும் எடுத்து மாட்டுக்குப் போட்டுட்டு, தராசுக்கு ஒறைய மாட்டிட்டேன்."

கனிந்த தார். சாம்பிராணி. மூடிய கதவு. அந்தக் காலத்தில் வாழைக்குப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். இவர் சேம்பரில் இயந்திரம் வைத்துச் செய்வதை அத்தை பக்தியோடு செய்திருக்கிறார்.

கனிந்த பழம் வாயு விடும், அதுதான் என் தக்காளியைப் பழுக்க வைத்தது என்று சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னேன்.

"மண்டிச் சரக்குதானேம்மா கூடாது? சாமிக்கு வெச்சது எப்புடி கெடுக்கும்?"

அவர் கையில் வெங்காயம் அப்படியே இருந்தது. பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "அப்போ நாந்தான் கெடுத்தனா? அன்னிக்கு அவங்கிட்ட சண்ட போட்டியே, அதுவும் என்னாலதானா?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடமாக "மணியோட செடி சாமான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மண்டித் தராசுக்கும் வேனுக்கும் மட்டும் பொட்டு வைத்தவர். மகன் கட்சி என்று நினைத்தேனே. நான் தோற்கக் கூடாதென்று தனியாகப் போய் என் அறையைக் கழுவியிருக்கிறார். அத்தையிடம் எப்படிக் கோபப்படுவது? எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெங்காயம் உரித்தேன். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் நல்ல சாக்கு.

கடைசியில், தாய்த் தட்டைத் துவையல் அரைத்தாயிற்றா என்று கேட்டேன். பரணைக் காட்டினார். தட்டு அங்கே இருந்தது. ஒரு காய்கூடக் குறையவில்லை.

"ஏன் அறுக்கல?"

"படையல்னா திங்கலாம். பூசையில வெச்ச ஆயுதத்த எப்புடி அறுக்கிறது? அது உன் ஆயுதம்மா."

25 அக்டோபர்

வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. தாய்த் தட்டு பச்சை.

அதே அறை, அதே தார், அதே புகை. பக்கத்தில் பிள்ளை விழுந்துவிட்டது, தாய் அசையவில்லை. வெளியிலிருந்து வாயு கொடுத்தாலும் இந்த மரபணு கெட்ட காய் கேட்காது என்பதற்கு நான் தனியாக ஒரு சோதனை செய்ய வேண்டியிருந்தது. அத்தை செய்து முடித்துவிட்டார். கலப்பும் தவறவில்லை. சும்மா விட்டால் பிள்ளை மெதுவாகத்தான் பழுக்கும். மூக்கில் காட்டினால் பழுத்துவிடும். பழுக்க முடியாத தாய்க்கும் உடனே பழுக்கும் தந்தைக்கும் நடுவில். பிள்ளை எப்படி இருக்கவேண்டுமோ அப்படித்தான் இருந்திருக்கிறது.

நெறியாளரிடம் சொன்னேன். "இதை நான் குழு முன்னாடி எப்படிச் சொல்றது?" என்றார். திரும்பச் செய்து காட்டுகிறேன் என்றேன். "காய் இருக்கா?"

அப்போதுதான் ராசுவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். போன் போகவில்லை.

26 அக்டோபர், சனி

முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் பிடுங்கிப் போட்ட செடிகளே கண்ணில் நின்றன.

தாய் வரிசை இல்லை. ராசு பிடுங்கிவிட்டுக் கொள்ளு விதைத்திருக்கிறார். "பழுக்காத செடி எதுக்குங்க?" பிள்ளை வரிசை நிற்கிறது. பூவும் காயுமாக நிற்கிறது.

"நீங்க வேணாம்னு சொன்னதும் பறிச்சு சந்தைக்குப் போட்டேங்க. நசுங்காம போய்ச் சேந்துச்சு. அப்பறம் எப்புடிங்க புடுங்குறது? நீங்க வுட்டுட்டீங்க. நான் எதுக்கு வுடணும்?"

அவர் கொல்லையிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ராசு நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு கொள்ளு முளைத்ததைப் பார்த்தார்.

30 அக்டோபர்

இவரிடம் ஒரு சேம்பர் கேட்டேன். தீபாவளி நேரம், தர மாட்டார் என்று நினைத்தேன். சின்ன சேம்பரைக் காலி செய்து கொடுத்தார். அன்று பாத்திரத்தைச் சத்தமாக வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அம்மா சொல்லிச்சு" என்றார். நாற்காலியின் சக்கரத்துக்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்.

கரியாலூரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையில் பாதி சேம்பரில், பாதி வீட்டு அறையில். பரணில் இருந்த தாய்க் காயில் பாதி சேம்பரில். மீதியை அறுத்து விதை எடுத்தேன், அத்தையிடம் அனுமதி கேட்டுவிட்டு.

3 நவம்பர்

சேம்பரில் இருந்த பிள்ளைகள் சிவந்துவிட்டன. தாய் பச்சை. இவர் கதவைத் திறந்து பார்த்து, முகம் சுண்டிப்போய் நின்றார். "நான் கேஸ் வுட்டு பழுக்காத காய இதுவரிக்கும் பாத்ததில்ல." தொழில் கௌரவம். எனக்குத் தெரியாமல் இன்னொரு தடவை வாயு விட்டிருக்கிறார். மேலே ஒரு மீட்டரில் தெரிந்தது.

6 நவம்பர்

தாய் பச்சை. இவர் காயிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

4 டிசம்பர், புதன்

புயல் மழை. மலைச் சாலையில் மரம் விழுந்து பஸ் இல்லை. ராசுவின் பெட்டிகள் மேலேயே மாட்டிக்கொண்டன. குழுவும் தள்ளிப்போயிற்று. வீட்டு அறையில் இருக்கும் பிள்ளைகள் சிவந்து, கெட்டியாக, சண்டைக்குத் தயாரான மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

9 டிசம்பர்

சாலை திறந்து ராசு ஜீப்பில் இறக்கினார். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களின் பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ராசுவின் பெட்டியில் ஒன்றிரண்டுதான் கீறல். ராசு பெருமையடிக்கவில்லை. பெட்டியின் மூடியை மட்டும் தேவைக்கு மேல் நேரம் திறந்து வைத்திருந்தார்.

20 டிசம்பர், வெள்ளி

குழு. ஒருவர் கேட்டார்: "முதல் சோதனையில் வாயுவுக்கு என்ன ஆதாரம்?" பழுத்த வாழைத்தார் ஒன்று என்றேன். "எதற்காக வைத்தீர்கள்?" ஆயுத பூஜை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு வருடம் நீட்டிப்பு. அறிக்கையில் சாம்பிராணி என்ற சொல்லை மட்டும் நெறியாளர் அடித்துவிட்டார்.

வந்து அத்தையிடம் சொன்னேன். "ம்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எந்தப் பழந்தான் வெக்கலாம்?" எலுமிச்சை வைக்கலாம், பறித்த பிறகு அது அப்படியேதான் இருக்கும், வாயுவும் பேருக்குத்தான் விடும் என்றேன்.

11 ஆகஸ்ட் 2025

கரியாலூரில் இன்னும் சிலர் நாற்றுக் கேட்கிறார்களாம். மண்டிக்குக் கணக்குப் பார்க்க ஆள் கிடைத்துவிட்டார். சக்கரம் வைத்த அந்த நாற்காலி இப்போது என் அறையில்.

1 அக்டோபர் 2025, புதன். ஆயுத பூஜை

இந்த வருடம் எங்கும் போகவில்லை. அத்தை சொன்னபடி தராசையும் தட்டுகளையும் பூச்சட்டையும் அறையிலேயே ஒழுங்காக அடுக்கி வைத்தேன். பூச்சட்டை என்பது ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டு. தக்காளிக் கறையால் பூப்போட்டதாகிவிட்டது, பெயர் அத்தை வைத்தது.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பொரி, கடலை, தேங்காய். சாம்பிராணிக் கரண்டியை வாசற்படியோடு நிறுத்தி, வெளியிலிருந்தே காட்டினார். பக்கத்து வீட்டு ராணியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வாழக்கா மண்டிக்காரங்க வூட்டுல வாழப்பழம் இல்லாத பூசையா?" என்று கேட்டார்.

"எம் மருமவ ஆயுதத்துக்கு அது ஆவாது" என்றார் அத்தை.

தட்டுகளுக்கு நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.